ரோபோ கையில் பொருத்திய கேமராவை கேலிபிரேட் செய்வது: முழுமையான வழிகாட்டி

மேசை மேல் கிடக்கும் நட்டைக் கேமரா சரியாகவே கண்டுபிடித்துவிடுகிறது. திரையில் அதைச் சுற்றிக் கட்டமும் வந்துவிடுகிறது. ஆனால் ரோபோ கை ஒரு சென்டிமீட்டர் தள்ளிப் போய் வெறும் மேசையைக் கவ்வுகிறது. ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். உடனே புரோகிராமைத் திறந்து, எக்ஸில் எட்டு மி.மீ. கூட்டி, ஒய்யில் மூன்று கழித்து ஒப்பேற்றப் பார்ப்பார்கள். நட்டை மேசையின் அடுத்த மூலைக்கு நகர்த்தினால் அந்தக் கணக்கு உதவாது.

பிழை பெரும்பாலும் புரோகிராமில் இருப்பதில்லை. புரோகிராம் ஓடுவதற்கு முன்னால் செய்த, அல்லது செய்யாமல் விட்ட வேலைகளில் இருக்கிறது. கேமரா பார்க்கும் இடத்தை ரோபோ போக வேண்டிய இடமாக மாற்றும் எண்களை அளந்து கண்டுபிடிக்கும் அந்த வேலைதான் கேலிபிரேஷன். அதனால் இங்கே எந்த வேலைக்குப் பின் எந்த வேலை என்பதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

கணக்கு புரிய ஒரு எடுத்துக்காட்டு அமைப்பை வைத்துக்கொள்வோம். ராஸ்பெரி பை எச்கியூ கேமரா, 6 மி.மீ. லென்ஸ், கேமராவிலிருந்து மேசை வரை சுமார் 500 மி.மீ. தூரம், ஆறு அச்சு ரோபோ கை, படங்களை ஆராயும் ஓப்பன்சிவி மென்பொருள் நூலகம். உங்களிடம் வேறு கேமரா இருந்தாலும் முறை இதுதான், எண்கள் மட்டும் மாறும்.

1. தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

செஸ் கட்டம் அச்சிட்ட தாள், அதை ஒட்ட 5 மி.மீ. கண்ணாடித் துண்டு, வெர்னியர் காலிபர், 300 மி.மீ. இரும்பு ஸ்கேல், பலகையை மேசையோடு பிடித்து நிறுத்த இரண்டு கிளாம்ப், லென்ஸ் வளையத்தில் குறி போட மெல்லிய மார்க்கர், கடைசிச் சோதனைக்குக் கூர்முனை உள்ள ஒரு கம்பி.

கம்பியும் வெர்னியரும் இல்லாமல் தொடங்காதீர்கள். கேலிபிரேஷன் சரியா தவறா என்று சொல்லப்போவது அவைதான்.

2. லென்ஸையும் கேமராவையும் முதலில் பூட்டுங்கள்

ஃபோகஸ் வளையத்தைச் சிறிதளவு திருப்பினாலே லென்ஸுக்கும் சென்சாருக்கும் இடையிலுள்ள தூரம் மாறும். அந்தத் தூரம் மாறினால் நீங்கள் கணக்கிட்ட எண்கள் எல்லாம் வேறொரு கேமராவின் எண்களாகிவிடும். அதனால் ஃபோகஸ் முதல், கேலிபிரேஷன் பிறகு. கேலிபிரேஷன் முடித்த பின் "படம் கொஞ்சம் மங்கலாக இருக்கிறதே" என்று வளையத்தைத் தொட்டவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். தொட்டுவிட்டால் மறுபடி முதலிலிருந்துதான்.

கேமராவை அதன் இறுதி இடத்தில், ரோபோவின் மணிக்கட்டுத் தட்டில் ஸ்க்ரூ போட்டுப் பொருத்துங்கள். டேப்பும் கேபிள் டையும் இங்கே உதவாது. வேலை நடக்கும் தூரத்தில் பலகையை வைத்து, படத்தை 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, கட்டத்தின் விளிம்பு கூர்மையாகும் வரை ஃபோகஸ் செய்யுங்கள். லென்ஸின் துளையை (அப்பெர்ச்சர்) நன்றாகக் குறைத்து வையுங்கள். அப்போதுதான் சாய்த்து வைக்கும் பலகையின் இரு முனைகளும் தெளிவாக இருக்கும். அப்புறம் லென்ஸிலுள்ள பூட்டு ஸ்க்ரூக்கள் எல்லாவற்றையும் இறுக்குங்கள். எச்கியூ கேமராவில் லென்ஸ் உட்காரும் வளையத்துக்கும் தனியாக ஒரு பூட்டு ஸ்க்ரூ உண்டு; அதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். கடைசியாக, வளையத்தின் மேலும் உடலின் மேலும் சேர்த்து மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். நாளைக்கு யாராவது திருப்பியிருந்தால் கோடு விலகியிருக்கும்.

ஆட்டோஃபோகஸ் உள்ள கேமரா என்றால் அதை அணைத்து, ஃபோகஸ் மதிப்பை ஒரே எண்ணில் நிறுத்துங்கள்.

ரெசல்யூஷனையும் இப்போதே முடிவு செய்யுங்கள். இந்த சென்சாரின் முழுப் படம் 4056×3040. அதையே பாதியாக்கி 2028×1520 அளவிலும் தரும். 2028×1080 கேட்டால் மேலும் கீழும் வெட்டித் தரும். ஒன்றில் கேலிபிரேட் செய்து இன்னொன்றில் ஓட்டினால் படத்தின் மையமே மாறிவிடும். நாம் 2028×1520 வைத்துக்கொள்வோம்.

3. செஸ் பலகை: அச்சிடுவதும் அளப்பதும்

10×7 கட்டங்கள், ஒவ்வொன்றும் 24 மி.மீ. மொத்தம் 240×168 மி.மீ. ஏ4 தாளில் நான்கு பக்கமும் ஏறக்குறைய ஒரு கட்ட அகலத்துக்கு வெள்ளை ஓரம் கிடைக்கும். அந்த ஓரத்தை வெட்டிவிடாதீர்கள். அது இல்லையென்றால் வெளிக்கட்டங்களை மேசையின் நிறத்திலிருந்து பிரிக்க முடியாமல் புரோகிராம் திணறும்.

10×7 கட்டம் என்றால் உள்மூலைகள் 9×6. புரோகிராமுக்குக் கொடுக்க வேண்டியது இந்த உள்மூலை எண்ணிக்கையைத்தான். 10×7 என்று கொடுத்துவிட்டு "பலகையே தெரியவில்லை என்கிறது" என்று உட்கார்ந்திருப்பது மிகச் சாதாரணமாக நடக்கிறது. ஒன்று இரட்டைப்படை, இன்னொன்று ஒற்றைப்படை என்று எடுப்பதற்கும் காரணம் உண்டு: 9×6 பலகையை 180 டிகிரி திருப்பினால் கறுப்பும் வெள்ளையும் இடம் மாறும், எது தலை எது கால் என்று தெரியும். 8×6 என்று எடுத்தால் திருப்பினாலும் ஒரே மாதிரி இருக்கும். பின்னால் கை-கண் கணக்கு (ரோபோ கையில் கேமரா எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது) வரும்போது இது பெரிய தலைவலி.

அச்சிடும்போது "பக்கத்துக்குப் பொருத்து" என்ற தெரிவை எடுத்துவிட்டு 100 சதவீதம் வையுங்கள். மேட் தாளில் இங்க்ஜெட் நல்லது. லேசர் பிரிண்டரின் டோனர் சாய்வான கோணத்தில் பளபளக்கும். பாதுகாப்பாக இருக்கட்டும் என்று லேமினேஷன் போடாதீர்கள். விளக்கு அதில் பட்டுத் தெறித்தால் அந்த இடத்து மூலைகள் காணாமல் போகும்.

தாளைக் கண்ணாடிக் கடையில் வெட்டி வாங்கிய துண்டின் மேல், குமிழ் இல்லாமல் ஒட்டுங்கள். அட்டை, தெர்மாகோல், எழுதும் பேட் எதுவும் வேண்டாம். கணக்கு முழுவதும் பலகை தட்டையானது என்ற ஒரே நம்பிக்கையில் நிற்கிறது. மழைக்கால ஈரத்தில் அட்டை வளைந்தால் அந்த வளைவையும் லென்ஸின் வளைவாக எடுத்துக்கொண்டு புரோகிராம் அமைதியாக ஒரு விடை தந்துவிடும்.

பசை காய்ந்த பிறகு அளவெடுங்கள். ஒரு கட்டத்தை மட்டும் அளக்காமல் ஆறு கட்டங்களைச் சேர்த்து வெர்னியரால் அளந்து ஆறால் வகுத்தால் கைப்பிழை குறையும். 144 மி.மீ. வர வேண்டும். 143 வந்தால் கட்டத்தின் உண்மை அளவு 23.83, அதையே புரோகிராமில் கொடுங்கள். நீளவாக்கில் ஒருமுறை, அகலவாக்கில் ஒருமுறை அளங்கள். இரண்டும் வேறுபட்டால் ஒரே அளவாகக் கொடுக்காமல் புள்ளிகளை அந்தந்தத் திசை அளவுப்படியே கொடுக்க வேண்டும்.

இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் சொல்கிறேன். கட்டம் இரு திசையிலும் ஒரே விகிதத்தில் சுருங்கியிருந்தால், கேமராவின் உள் எண்கள் (குவியத் தூரம், மையம், லென்ஸ் வளைவு) மாறாது, ரீப்ரொஜெக்ஷன் பிழையும் (கணக்குப்படி மூலை விழ வேண்டிய இடத்துக்கும் படத்தில் அது தெரியும் இடத்துக்கும் உள்ள இடைவெளி) அதிகமாகாது. எல்லாம் அழகாகவே தெரியும். தூரம் மட்டும் தப்பாக வரும். 23.83 இருக்க வேண்டிய இடத்தில் 24 என்று கொடுத்தால் 500 மி.மீ. தூரம் 503.5 ஆகிவிடும். கிரிப்பர் மேசையில் போய் இடிக்க அந்த மூன்றரை மி.மீ. போதும்.

4. வெளிச்சம்

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான எல்ஈடி விளக்கும் டியூப்லைட்டும் நொடிக்கு 100 முறை மினுக்கும். எக்ஸ்போஷரை 10 மில்லிசெகண்ட் அல்லது 20 மில்லிசெகண்ட் என்று கையால் வைத்தால் படத்தில் பட்டை விழாது. ஆட்டோ எக்ஸ்போஷரை அணையுங்கள். வெள்ளைக் கட்டம் முழுதாக வெளிறிப் போனால் கறுப்புக் கட்டத்தை அது தின்றுவிடும், மூலை இடம் நகரும். வெள்ளை சற்று சாம்பலாகத் தெரியும் அளவே சரி.

5. படம் எடுப்பது

20 முதல் 25 படங்கள் போதும். ஆனால் எப்படிப்பட்ட படங்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பலகையை நேராக எதிரே வைத்து இருபத்தைந்து படம் எடுத்தால் அது ஏறக்குறைய ஒரே படம்தான். நேரெதிரே இருக்கும் பலகை பெரிதாகத் தெரிவதற்கு அது பக்கத்தில் இருப்பதும் காரணமாகலாம், லென்ஸின் குவியத் தூரம் அதிகமாக இருப்பதும் காரணமாகலாம். இரண்டையும் பிரித்துச் சொல்ல வழியில்லை. பலகை சாய்ந்திருந்தால் ஒரு முனை பெரிதாகவும் மறுமுனை சிறிதாகவும் தெரியும். அந்த வேறுபாட்டிலிருந்துதான் கணக்கு குவியத் தூரத்தைப் பிரித்தெடுக்கிறது. ஜெங்யூ ஜாங் 2000-இல் வெளியிட்ட, ஓப்பன்சிவியின் கணக்குக்கும் அடித்தளமான முறை, வெவ்வேறு சாய்வில் எடுத்த குறைந்தது இரண்டு காட்சிகளைக் கேட்பது இதனால்தான்.

எனவே பாதிக்கு மேற்பட்ட படங்களில் பலகை 30 முதல் 40 டிகிரி சாய்ந்திருக்கட்டும்: இடம், வலம், முன், பின் என்று. சிலவற்றில் கேமராவை அதன் பார்வை அச்சிலேயே 90 டிகிரி திருப்புங்கள். பலகையைக் கையில் பிடிக்காதீர்கள். இந்தக் கேமராவின் ஷட்டர் படத்தை வரி வரியாக எடுக்கிறது. கை நடுங்கினால் கட்டங்கள் சரிந்துவிடும். பலகையை மேசையில் நிறுத்தி ரோபோவை நகர்த்துங்கள்.

படத்தின் நான்கு மூலைகளுக்கும் பலகை போயாக வேண்டும். லென்ஸின் வளைவு மூலைகளில்தான் அதிகம். அங்கே ஒரு புள்ளிகூட இல்லையென்றால் புரோகிராம் நடுப்பகுதியை வைத்து ஊகிக்கும். நேராக்கிய படத்தின் ஓரங்கள் சுருண்டுபோய் நிற்கும். எடுத்த எல்லாப் படங்களின் மூலைப்புள்ளிகளையும் ஒரே வெற்றுப் படத்தில் புள்ளியாக வரைந்து பாருங்கள். காலியாகத் தெரியும் இடத்துக்கு மேலும் இரண்டு படம் எடுங்கள். இதற்கு ஐந்து நிமிடம் ஆகும். மற்ற எந்தச் சோதனையைவிடவும் இது அதிகம் சொல்லும்.

பலகையின் ஒரு பகுதி படத்துக்கு வெளியே போனால் சாதாரண செஸ் பலகை வேலை செய்யாது. மூலைகளை நிரப்பச் சிரமமாக இருந்தால் சாருகோ பலகைக்கு மாறலாம். அதில் ஒவ்வொரு வெள்ளைக் கட்டத்துக்கும் தனி அடையாளம் இருப்பதால் பாதி தெரிந்தாலும் போதும்.

தனியாக ஐந்து படம் எடுத்து வேறு ஃபோல்டரில் போட்டுவையுங்கள். அவை கணக்குக்கு அல்ல, சோதனைக்கு.

6. கணக்கிடுவது

இது சின்ன வேலை. மூலைகளைத் தேடும் ஃபங்ஷன், அதைப் பிக்சலுக்குள்ளும் துல்லியமாக்கும் ஃபங்ஷன், கேலிபிரேட் செய்யும் ஃபங்ஷன், அவ்வளவுதான். இரண்டு இடத்தில் மட்டும் கவனம் தேவை.

துல்லியமாக்கும் ஃபங்ஷனுக்குத் தேடும் சன்னலின் அளவைத் தர வேண்டும். எடுத்துக்காட்டுகளில் 11 என்று இருக்கும். அது பாதி அளவு, உண்மையில் 23×23 பிக்சல். 500 மி.மீ. தூரத்தில் நம் கட்டம் 90 பிக்சலுக்கு மேல் வருவதால் பிரச்சினை இல்லை. தூரத்தில் வைத்துக் கட்டம் 10 பிக்சலாகச் சிறுத்தால் சன்னல் பக்கத்து மூலையையும் எட்டிப் பிடிக்கும், புள்ளி நடுவில் எங்கோ போய் நிற்கும்.

இரண்டாவது, லென்ஸ் வளைவுக்கான எண்கள். 6 மி.மீ. போன்ற சாதாரண லென்ஸுக்கு ஆர வளைவில் (மையத்திலிருந்து விலக விலகக் கூடும் வளைவு) முதல் இரண்டு எண்கள் பெரும்பாலும் போதும். மூன்றாவதைப் பூஜ்யத்தில் நிறுத்திவிட்டு ஓட்டுங்கள். எண்களைக் கூட்டக் கூட்டப் பிழை குறைந்துகொண்டே போகும். அது லென்ஸைப் புரிந்துகொண்டதால் இருக்க வேண்டியதில்லை, உங்கள் படங்களின் குறைகளுக்கு வளைந்து கொடுத்ததாலும் இருக்கலாம். மிக அகலமாகப் பார்க்கும் மீன்கண் லென்ஸுக்குத் தனி மாடல் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

7. எண்களை நம்புவதற்கு முன்

எல்லோரும் ரீப்ரொஜெக்ஷன் பிழையைத்தான் முதலில் பார்ப்பார்கள். 0.3 பிக்சல் வந்தால் நல்லது. நம் அமைப்பில் ஒரு பிக்சல் மேசையில் சுமார் 0.26 மி.மீ., அப்படியானால் 0.3 பிக்சல் 0.08 மி.மீ. ஆனால் இந்த எண் சொல்வது ஒன்றே ஒன்று: உங்கள் படங்களும் மாடலும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன. உலகத்தோடு ஒத்துப்போவதாக அது சொல்லவில்லை.

பிழை அதிகமாக உள்ள படங்களைத் தூக்கிவிட்டு எண்ணைக் குறைக்கும் பழக்கம் எனக்கு மிகவும் கவலை தருவது. பிழை அதிகம் வருவது பெரும்பாலும் நன்றாகச் சாய்ந்த, மூலையில் இருக்கும் படங்களில். அவைதான் அதிகத் தகவல் உள்ள படங்கள். அவற்றை நீக்கினால் எண் அழகாகும், கேலிபிரேஷன் கெடும். படத்தைத் திறந்து பாருங்கள். கலங்கலோ, பளபளப்போ, தவறான மூலையோ கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் நீக்குங்கள்.

அதன் பின் இந்த நான்கையும் பாருங்கள்.

குவியத் தூர எண்: லென்ஸ் 6 மி.மீ., சென்சார் பிக்சல் 1.55 மைக்ரான். வகுத்தால் 3871, நாம் பாதி ரெசல்யூஷனில் இருப்பதால் ஏறக்குறைய 1935. சில சதவீதம் மாறலாம். 2600 வந்தால் எங்கோ தப்பு. எக்ஸ், ஒய் இரண்டுக்கும் எண் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும்.

மையம்: 1014, 760-க்கு அருகில் வர வேண்டும். சில பத்துப் பிக்சல் விலகல் இயல்பு. 200 விலகினால் சாய்வான படங்கள் போதவில்லை என்று அர்த்தம்.

தனியாக வைத்த ஐந்து படங்கள்: அவற்றிலும் பிழை ஏறக்குறைய அதே அளவு வர வேண்டும். இரண்டு மடங்கானால் மாடல் உங்கள் படங்களை மனப்பாடம் செய்துவிட்டது.

நான்காவது எனக்கு மிகவும் பிடித்த சோதனை. பலகையை மேசையில் பூட்டிவிட்டு, மணிக்கட்டின் கோணம் மாறாமல் ரோபோவை நேர்க்கோட்டில் சரியாக 100 மி.மீ. மேலே நகர்த்துங்கள். நகர்த்தும் முன்னும் பின்னும் பலகையின் இடத்தைக் கணக்கிட்டு இரண்டுக்கும் இடையிலான தூரத்தைப் பாருங்கள். 100 வர வேண்டும். 100.7 வந்தால் கட்ட அளவைத் தப்பாகக் கொடுத்திருக்கிறீர்கள். வேறெதிலும் சிக்காத அந்தப் பிழை இங்கே சிக்கிவிடும்.

8. கை-கண் கேலிபிரேஷன்: ரோபோவை எங்கே நிறுத்துவது

இதுவரை கேமராவுக்குப் பலகை எங்கே என்று தெரியும். மணிக்கட்டுத் தட்டிலிருந்து கேமரா எங்கே, எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பது இன்னும் தெரியாது. அதைக் கண்டுபிடிப்பதுதான் இந்தப் படி. ஏழாம் படி தேறாமல் இதற்கு வராதீர்கள். அங்குள்ள பிழை இங்கே வேறு உருவத்தில் வந்து உங்களை அலைக்கழிக்கும்.

பலகையைக் கிளாம்ப் போட்டு அசையாமல் நிறுத்துங்கள். ரோபோவை 15 முதல் 20 நிலைகளில் நிறுத்தி, ஒவ்வொன்றிலும் ஒரு படமும் ரோபோ சொல்லும் நிலையும் சேமியுங்கள்.

நிலைகளுக்கு இடையே திருப்பம் பெரிதாக, 30 டிகிரிக்குக் குறையாமல், இருக்கட்டும். அதுவும் ஒரே அச்சில் அல்லாமல் வெவ்வேறு அச்சுகளில். கேமராவை மேசையை நோக்கியே வைத்துக்கொண்டு செங்குத்து அச்சில் மட்டும் சுழற்றினால், அந்த அச்சின் திசையில் கேமரா எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதை எந்தக் கணக்காலும் கண்டுபிடிக்க முடியாது. எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் ஒரே படங்கள்தான் கிடைக்கும். நான்கு அச்சு ஸ்கேரா ரோபோ (மணிக்கட்டு செங்குத்து அச்சில் மட்டும் சுழலும் வகை) வைத்திருப்பவர்களுக்கு இதைத் தவிர்க்க வழியே இல்லை. அவர்கள் அந்த ஒரு அளவைத் தனியாகத் தொட்டு அளந்துதான் எடுக்க வேண்டும்.

ரோபோ நின்ற பின் ஒரு நொடியாவது காத்திருந்து படம் எடுங்கள். கை நின்ற பிறகும் கேமரா கொஞ்சம் அதிரும். படத்துக்கும் நிலைக்கும் ஒரே எண்ணைக் கோப்புப் பெயராக வையுங்கள். நடுவில் ஒரு படம் தவறி, வரிசை ஒன்று தள்ளிப் போனால் விடை முழுவதும் குப்பை. பார்த்தால் தெரியவும் தெரியாது.

9. திசை, அலகு, கோணம்

ஒவ்வொரு ரோபோவும் தன் நிலையை ஒவ்வொரு விதமாகச் சொல்லும். யுனிவர்சல் ரோபோட்ஸ் மீட்டரிலும் சுழற்சித் திசையனிலும் (திசை சுழலும் அச்சையும், நீளம் சுழற்சியின் அளவையும் சொல்லும் மூன்று எண்கள்) தரும். குக்கா மி.மீ.யிலும், இசட், ஒய், எக்ஸ் என்ற வரிசையில் மூன்று கோணங்களாகவும் தரும். ஏபிபி குவாட்டர்னியனாக (சுழற்சியைச் சொல்லும் நான்கு எண்கள்) தரும். யுனிவர்சல் ரோபோட்ஸின் கடைசி மூன்று எண்களை மூன்று கோணங்கள் என்று எடுத்துக்கொள்வது இந்தப் படியில் நான் அதிகம் பார்க்கும் தவறு. சின்னச் சுழற்சிகளில் விடை ஏறக்குறைய சரிபோலவே தெரியும் என்பதுதான் ஆபத்து.

கேமரா கையில் இருக்கும்போது ஓப்பன்சிவி கேட்பது, மணிக்கட்டிலிருந்து ரோபோவின் அடித்தளத்துக்கான மாற்றமும் (மணிக்கட்டை வைத்துச் சொல்லும் இடத்தை அடித்தளத்தை வைத்துச் சொல்லும் இடமாக்கும் கணக்கு) பலகையிலிருந்து கேமராவுக்கான மாற்றமும். ரோபோ சாதாரணமாகச் சொல்வது முதலாவதைத்தான், அப்படியே கொடுங்கள். கேமரா வெளியே நிலையாக நின்று பலகை கையில் இருந்தால் ரோபோவின் மாற்றத்தைத் தலைகீழாக்கிக் கொடுக்க வேண்டும்.

ஓப்பன்சிவியில் ஐந்து தீர்வு முறைகள் இருக்கின்றன. 1989-இல் ரோஜர் சாய், ரைமர் லென்ஸ் என்ற இருவர் வெளியிட்ட முறையும் அவற்றில் ஒன்று. எல்லாவற்றையும் ஓட்டுங்கள். நல்ல தரவு என்றால் விடைகள் நெருங்கி வரும். முறைக்கு முறை பல மி.மீ. மாறினால் நல்ல முறையைத் தேடாதீர்கள், எட்டாம் படிக்குத் திரும்பி நிலைகளைச் சரிசெய்யுங்கள்.

விடை வந்ததும் ஸ்கேலை எடுத்து, மணிக்கட்டுத் தட்டின் நடுவிலிருந்து லென்ஸ் வரை அளந்து பாருங்கள். ஸ்கேல் 60 மி.மீ. காட்டும்போது புரோகிராம் 400 என்றால் ஏதோ ஒரு மாற்றம் தலைகீழாக இருக்கிறது. அப்புறம், ஒவ்வொரு நிலையிலிருந்தும் பலகை அடித்தளத்தில் எங்கே இருக்கிறது என்று கணக்கிடுங்கள். பலகை அசையவில்லை என்பதால் எல்லா விடையும் ஒரே இடத்தில் குவிய வேண்டும். எவ்வளவு சிதறுகிறதோ அதுவே உங்கள் உண்மையான பிழை.

10. கூர்முனைச் சோதனை

கம்பியை மாட்டி, அதன் முனையை ரோபோவில் கருவி முனையாகப் பதிவு செய்யுங்கள். கேமரா பார்த்துச் சொன்ன இடத்தின்படி, பலகையின் நான்கு ஓர மூலைகளுக்கும் நடுவுக்கும் 5 மி.மீ. மேலே வரை முனையைக் கொண்டுபோய், பிறகு மெதுவாக இறக்குங்கள்.

முனை தள்ளி நின்றால், எப்படித் தள்ளி நிற்கிறது என்பதைப் பார்த்தே காரணத்தைச் சொல்லலாம். ஐந்து இடத்திலும் ஒரே திசையில் ஒரே அளவு விலகினால், படம் எடுக்கும்போது மட்டும் மணிக்கட்டை 180 டிகிரி திருப்பி, தொடும்போது பழைய நிலையிலேயே தொடுங்கள். விலகல் எதிர்த்திசைக்கு மாறினால் பிழை கை-கண் விடையில்; மாறாமல் நின்றால் கருவி முனைப் பதிவில். கேமரா உயரமாகப் போகப் போக விலகல் கூடினால் கை-கண் விடையின் கோணத்தில் தப்பு; அரை டிகிரி தப்பினாலே 500 மி.மீ. தூரத்தில் 4.4 மி.மீ. விலகும். படத்தின் ஓரத்தில் தெரியும் இடங்களில் மட்டும் விலகினால் லென்ஸ் வளைவு. ஐந்தாம் படிக்குத் திரும்புங்கள்.

இந்தச் சோதனையில் தேறும் வரை பொருள் எடுக்கும் புரோகிராமை ஓட்டாதீர்கள்.

11. சேமிப்பதும் மறுபடி பார்ப்பதும்

எண்களோடு சேர்த்துத் தேதி, ரெசல்யூஷன், லென்ஸ், அளந்த கட்ட அளவு, கருவி முனைப் பதிவு, மூலப் படங்கள் எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் வையுங்கள். கருவி மாற்றும்போது ரோபோ சொல்லும் நிலையும் மாறும் என்பதால், கை-கண் விடை மணிக்கட்டுத் தட்டுக்கா, கருவி முனைக்கா என்பதையும் எழுதிவையுங்கள்.

வாரத்துக்கு ஒருமுறை, கேமரா எதிலாவது இடித்தால் உடனே, மார்க்கர் கோட்டைப் பார்த்துவிட்டு 100 மி.மீ. நகர்வுச் சோதனையையும் கூர்முனைச் சோதனையையும் செய்யுங்கள். நகர்வுச் சோதனை சரியாக இருந்து கூர்முனை மட்டும் தள்ளினால், முதலில் கம்பி வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். கம்பி நேராக இருந்தால் கேமராவின் பிடிமானம் நகர்ந்திருக்கும், எட்டாம் படியிலிருந்து செய்தால் போதும். மார்க்கர் கோடு விலகியிருந்தால் இரண்டாம் படியிலிருந்து.